வைப்பு நிதிக் கணக்கை மூடும் முன்: ஆலை வேலையை விட்டு விலகும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், ஆம்பூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களின் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் காலணி, மின்னணு ஆலைகளிலும் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, திருமணம், மகப்பேறு, உடல்நலக் குறைவு, ஆட்குறைப்பு என ஏதோவொரு காரணத்தால் வேலையை விட்டு விலகும் தோழியருக்கு,

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நால்வருக்கு மேல் தமிழ்நாட்டு ஆலைகளில் உழைப்பவர்கள் என்பதை மத்திய அரசின் தொழில்துறை ஆண்டாய்வுகள் காட்டிவந்துள்ளன. அவர்களுள் பலர் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகளில் விலகிவிடுகிறார்கள். விலகும்போது அவர்கள் பெயரில் எஞ்சும் ஒரே சேமிப்பு, மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டுத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொகையே ஆகும். ஆலை வாயிலில் அது ‘பிஎஃப் பணம்’ எனவும், அதை மொத்தமாக எடுப்பது ‘செட்டில்மென்ட்’ எனவும் வழங்குகிறது. விலகிய இரண்டாம் மாதமே அதை எடுத்துவிடுவது பெரும்பாலும் முடிவாக எடுக்கப்படுவதன்று. எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதால் தானாக நடந்துவிடுவது. அப்படி எடுக்கப்படுவது ஒரே பொருளன்று, இரண்டு என்பதே இம்மடல் சொல்ல வந்த செய்தி: ஒன்று பணம், மற்றொன்று உழைத்த ஆண்டுகளின் கணக்கு. பணத்தைத் தேவைக்கு எடுப்பதில் தவறில்லை. ஆண்டுகளின் கணக்கை அறியாமல் அழித்துவிடுவதில்தான் இழப்பு இருக்கிறது.

இந்நிதி எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களை இந்நிதிக்குப் பங்களிக்கும் கடமைக்குள் கொண்டுவந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அச்சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 விழுக்காடு தொழிலாளரிடம் பிடிக்கப்படுகிறது; அதே அளவு நிறுவனமும் தன் பங்காகச் செலுத்துகிறது. ஆனால் நிறுவனத்தின் 12 விழுக்காடு முழுவதும் வைப்பு நிதிக்குப் போவதில்லை. அதில் 8.33 விழுக்காடு, 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது, மீதமுள்ள 3.67 விழுக்காடே வைப்பு நிதியில் சேர்கிறது. ஓய்வூதியத் திட்டத்துக்கு மத்திய அரசும் 1.16 விழுக்காடு வழங்குகிறது. ஓய்வூதியப் பங்கைக் கணக்கிடுவதற்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாயாக உள்ளது.

வைப்பு நிதிக் கணக்கின் பாஸ்புக்கில் இந்தப் பிரிவினை மூன்று பத்திகளாகத் தெரியும். பிடித்தத்துக்குரிய சம்பளம் 12,000 ரூபாய் எனக் கொண்டால், ஒவ்வொரு மாதமும் தொழிலாளர் பங்குப் பத்தியில் 1,440 ரூபாயும், நிறுவனப் பங்குப் பத்தியில் 440 ரூபாயும், ஓய்வூதியப் பத்தியில் 1,000 ரூபாயும் பதிவாகும். முதல் இரண்டு பத்திகளின் தொகைக்கு மாத இருப்பை அடிப்படையாகக் கொண்டு வட்டி கணக்கிடப்பட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரவு வைக்கப்படுகிறது. 2023-24, 2024-25 ஆகிய இரு நிதியாண்டுகளுக்கும் அவ்வட்டி 8.25 விழுக்காடு. இந்தக் கணக்கின்படி மூன்றாண்டுகள் வேலை செய்த பெண்ணின் வைப்பு நிதியில் ஏறத்தாழ 76,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மூன்றாம் பத்தியில் 36,000 ரூபாய் தெரியும். அதற்கு எதிரே வட்டி எதுவும் இராது. வட்டியில்லாத அந்தப் பத்தியைப் பார்த்து, அது பயனின்றிக் கிடக்கும் பணம் என்றும் அதையும் சேர்த்து எடுத்துவிடுவதே அறிவுடைமை என்றும் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை அதற்கு மாறானது.

ஓய்வூதியத் திட்டத்தில் ஒருவருடைய உரிமை, அவர் பெயரில் சேர்ந்த ரூபாயால் அளக்கப்படுவதில்லை. எத்தனை ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார் என்பதாலும், கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தாலும் அளக்கப்படுகிறது. அந்தச் சராசரியைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். பத்தாண்டுப் பணியும் 12,000 ரூபாய் சராசரிச் சம்பளமும் உடையவருக்கு அது மாதம் 1,714 ரூபாய். சராசரிச் சம்பளம் 15,000 ரூபாயானால் 2,143 ரூபாய். இத்தொகை 58 வயது முதல் வாழ்நாள் முழுவதும் வரும். ஓய்வூதியம் பெற்றுவருபவர் இறந்தால், விதிகளின்படி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியமாகத் தொடரும். தொகை சிறிது என்பதில் ஐயமில்லை. எனினும் முதுமையில் மகனிடமோ மருமகளிடமோ கேட்காமல் மருந்துக் கடைக்குப் போவதற்கு அது போதும், அந்தப் போதுமை பல வீடுகளில் ஒரு மூதாட்டியின் மரியாதையைத் தீர்மானிக்கிறது.

இவ்வோய்வூதியத்துக்குத் தகுதிபெறக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். அப்பத்தாண்டும் ஒரே ஆலையில் கழிந்திருக்க வேண்டியதில்லை. இடைவெளியின்றி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. திருமணத்துக்கு முன் நூற்பாலையில் மூன்றாண்டுகள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் தையல் பிரிவில் ஏழாண்டுகள் எனப் பிரிந்து கிடந்தாலும் அவை ஒன்றாகக் கூட்டப்படும். இறுதிக் கூட்டலில் ஆறு மாதமோ அதற்கு மேலோ எஞ்சினால் அது முழு ஆண்டாகக் கொள்ளப்படும். ஆனால் முதல் மூன்றாண்டு முடிவில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டவருக்கு, அந்த மூன்றாண்டுகள் கணக்கிலிருந்து அடியோடு நீங்கிவிடும்; அவர் பின்னாளில் மீண்டும் வேலைக்குச் செல்லும்போது சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எடுக்கும்போது கிடைப்பதும் பெரிதன்று: சேவைக் காலத்துக்கேற்ப அட்டவணையில் வரையறுக்கப்பட்ட அத்தொகை, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் என்ற அளவிலேயே அமைகிறது.

இழப்பு நேரும் இடம் விண்ணப்பத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. வைப்பு நிதியை முழுமையாக எடுப்பதற்கு உரியது படிவம் 19. ஓய்வூதியப் பங்குக்கு உரியது படிவம் 10-சி. இவை இரண்டும் தனித்தனி விண்ணப்பங்கள் என்றாலும், பிரவுசிங் சென்டர்களில் இரண்டையும் ஒரே மூச்சில் நிரப்பி அனுப்பிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. படிவம் 10-சி என்பது பணம் கேட்பதற்கு மட்டும் உரியதன்று. அதே படிவத்தின் வழியாகத் ‘திட்டச் சான்றிதழ்’ ஒன்றையும் கேட்டுப் பெறலாம். அச்சான்றிதழ் அதுவரையிலான பணியாண்டுகளையும் சம்பளத்தையும் குடும்பத்தாரின் விவரத்தையும் பதிவுசெய்து தரும் ஆவணம். மீண்டும் வேலைக்குச் சேரும்போது அதை ஒப்படைத்தால் பழைய ஆண்டுகள் புதிய பணியோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே கையில் பணம் வேண்டிய நிலையிலும், பணத்துக்காகப் படிவம் 19ஐ மட்டும் அளித்து, 10-சி வழியே பணத்துக்குப் பதிலாகச் சான்றிதழைக் கேட்பது முற்றிலும் முறையான, விதிகள் அனுமதிக்கும் ஒரு வழியாகும். பத்தாண்டை எட்டியவர்களுக்கு ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுக்கும் வாய்ப்பே கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வைப்பு நிதிப் பணத்தைப் பொறுத்தவரை, விலகுபவர்முன் மூன்று வழிகள் உள்ளன: அப்படியே விட்டுவைத்தல், புதிய வேலையின் கணக்குக்கு மாற்றுதல், பகுதியாகவோ முழுமையாகவோ எடுத்தல். முதல் வழியைப் பற்றி ஆலைப் பகுதிகளில் ஓர் அச்சம் நெடுநாளாக நிலவுகிறது: மூன்றாண்டுகள் பணம் கட்டாவிட்டால் வட்டி நின்றுவிடும் என்பது அது. இவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2011 ஏப்ரல் முதல், 36 மாதங்கள் பங்களிப்பு வராத கணக்குகளுக்கு வட்டி வழங்குவது உண்மையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. 2016 நவம்பரில் அவ்விதி திருத்தப்பட்டது. இளம் வயதில் வேலையை விட்டவரின் கணக்கு, பங்களிப்பு நின்றுவிட்டது என்பதற்காகவே ‘செயலற்ற கணக்கு’ ஆகிவிடுவதில்லை. பணத்தை எடுக்காதவரை 58 வயதுவரை அதற்கு வட்டி தொடர்ந்து சேர்கிறது. பழைய விதி மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அதன் அச்சம் மட்டும் மறையாமல், இன்றும் பல கணக்குகள் மூடப்படக் காரணமாக இருக்கிறது.

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை மிகைப்படுத்தாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 வயதில் விலகும் ஒருவரின் 76,000 ரூபாய், ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டுவட்டியில் முப்பதாண்டுகள் வளர்ந்தால், அவருடைய 54ஆம் வயதில் ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயரும் எனக் கொண்டு அதன் வாங்கும் திறனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அது ஏறத்தாழ 1,77,000 ரூபாய்க்குச் சமம். அதாவது பெருஞ்செல்வம் எதுவும் உருவாகிவிடவில்லை. ஆனால் இன்று கையில் இருப்பதைப்போல இரண்டே கால் மடங்குக்கு மேற்பட்ட உண்மையான மதிப்பு, எந்த முயற்சியும் இன்றி, அவர் பெயரிலேயே உருவாகியிருக்கிறது. வட்டி விகிதம் ஆண்டுதோறும் வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழுவின் பரிந்துரைப்படி அறிவிக்கப்படுவது என்பதால் அது கூடலாம், குறையலாம். எனினும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 4 விழுக்காடும், பொது வருங்கால வைப்பு நிதி 2020 ஏப்ரல் முதல் 7.1 விழுக்காடும் தந்துவந்த காலத்தில், தொழிலாளர் வைப்பு நிதி 8 விழுக்காட்டுக்குக் குறையாமல் தந்துவந்திருக்கிறது. வேலையை விட்ட பின் சேரும் வட்டி வருமான வரிக்கு உட்பட்டது என்றாலும், வேறு வருமானம் இல்லாத பெண்ணுக்கு அதனால் வரி எழுவது அரிது.

எடுப்பதென்று முடிவானால் வரியையும் கவனிக்க வேண்டும். தொடர்ந்து ஐந்தாண்டுப் பணி நிறைவடையும் முன் எடுக்கப்படும் தொகை வரிக்குரிய வருமானமாகக் கருதப்படுகிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுப்பவரிடம் 10 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். நிரந்தரக் கணக்கு எண்ணாகிய பான் இணைக்கப்படாவிட்டால் பிடித்தம் 20 விழுக்காடாகும். வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தை விண்ணப்பத்துடன் அளித்தால் இப்பிடித்தத்தைத் தவிர்க்கலாம். உடல்நலக் குறைவால் வேலை இழந்தவர்களுக்கும், நிறுவனமே தொழிலை நிறுத்திவிட்டதால் வெளியேறியவர்களுக்கும் ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது. முந்தைய ஆலையின் இருப்பைப் புதிய ஆலையின் கணக்குக்கு மாற்றியவர்களுக்கு இரு இடங்களின் பணிக்காலமும் சேர்த்தே ஐந்தாண்டு கணக்கிடப்படும். கணக்கை மூடாமல் மாற்றுவதால் வரும் பயன்களில் இதுவும் ஒன்று.

எடுப்பதே சரியாக அமையும் நிலைகள் உண்டு. அவற்றை மறைத்து அறிவுரை கூறுவது நேர்மையாகாது. அவற்றுள் முதன்மையானது அதிக வட்டிக் கடன். குழுக்கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களின் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று ஊரில் சொல்லப்படுவது மாதக் கணக்கு என்பதால், ஆண்டுக்கு அது 36 விழுக்காடு; ஐந்து ரூபாய் வட்டியானால் 60 விழுக்காடு. 50,000 ரூபாய்க் கடனுக்கு மூன்று ரூபாய் வட்டி கட்டும் குடும்பம் ஆண்டுக்கு 18,000 ரூபாய் இழக்கும்போது, அதே அளவு வைப்பு நிதி ஈட்டித்தருவது ஏறத்தாழ 4,100 ரூபாய் மட்டுமே. இந்நிலையில் வைப்பு நிதியைக் காப்பதாக எண்ணிக் கந்துவட்டியைச் சுமப்பது பொருளற்றது. எடுத்து அடைத்துவிடுவதே நலம். மாறாக, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ ஒற்றை இலக்க வட்டியில் நகைக்கடன் கிடைக்குமானால், குறுகிய காலத் தேவைக்கு அதை நாடி வைப்பு நிதியைத் தொடாமல் விடலாம். அறுவை சிகிச்சை போன்ற தள்ளிப்போட முடியாத மருத்துவச் செலவும், வேறு வருவாயின்றி அடுப்பெரிய வேண்டிய நெருக்கடியும் எடுப்பதற்கு நியாயமான காரணங்களே. அப்போதும் தேவைப்படும் அளவை மட்டும் எடுப்பது சாலச் சிறந்தது: வேலையின்றி ஒரு மாதம் கழிந்தவர் இருப்பில் 75 விழுக்காடுவரை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரலாம் என்ற ஏற்பாடு 2018 டிசம்பரிலேயே செய்யப்பட்டுவிட்டது.

கடனைப் பற்றிப் பேசும்போது சட்டம் தந்துள்ள ஒரு பாதுகாப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். வைப்பு நிதிக் கணக்கில் இருக்கும் தொகையை எந்தக் கடனுக்காகவும் நீதிமன்ற ஆணை வழியாகக்கூடப் பறிமுதல் செய்ய இயலாது என்று 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு வகுத்தது. கணவரின் கடனுக்கோ தந்தையின் கடனுக்கோ அது பொறுப்பாகாது. வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பின் அதே பணத்துக்கு அந்த அரண் நடைமுறையில் எஞ்சுவதில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் தேவையும் அதன்மீது உரிமை கொண்டாடத் தொடங்கிவிடும்.

திருமணச் செலவு குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையை விட்டவர்கள் முழுத் தொகையை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி, திருமணத்துக்காக விலகும் பெண்களுக்கு மட்டும் விலக்களித்திருந்தது. திருமணத்தோடு ஒரு பெண்ணின் உழைப்பு வாழ்க்கை முடிந்துவிடுகிறது என்ற கருத்து அவ்விதியின் அடியில் கிடந்தது. கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்றாண்டு உழைப்பின் முடிவில் திருமணத்துக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் தங்கவைத்து வேலைவாங்கிய முறையும் அதே கருத்திலிருந்து பிறந்ததே. ஆனால் ஆலைப் பகுதிகளில் நடப்பது வேறு. திருமணத்துக்கு முன் விலகியவர்கள் முப்பது, முப்பத்தைந்து வயதில் மீண்டும் வேலைக்கு வருகிறார்கள். கணவரை இழந்தவர்களும் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமப்பவர்களும் ஐம்பதைத் தாண்டியும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய முதல் மூன்றாண்டு உழைப்பு சீர்வரிசைப் பாத்திரமாகவோ மண்டப வாடகையாகவோ கரைந்துபோயிருப்பது அவர்கள் குற்றமன்று. ஆனால் அடுத்து விலகும் தலைமுறைக்கு அது நேராமல் தடுக்க இயலும். நகையாக மாற்றிவைப்பதும் முழுமையான மாற்றாகாது: தங்கத்தின் விலை ஏறினாலும், செய்கூலி, சேதாரம் என வாங்கும் நாளிலேயே ஒரு பகுதி போய்விடுகிறது, வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் அடகுக்குப் போவதும் அந்நகைதான். மாதம் பத்து விழுக்காடு தருவதாகச் சொல்லி வாசலுக்கு வந்து பணம் கேட்பவர்களைப் பொறுத்தவரை, முதலீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

மீண்டும் வேறு ஆலையில் சேர்பவர்களுக்குக் கணக்கை மாற்றுவதே மிகச் சிறந்த வழி. 2014 முதல் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ‘யுஏஎன்’ எனப்படும் 12 இலக்கப் பொதுக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. ஆலை மாறினாலும் இவ்வெண் மாறக் கூடாது. ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குச் சேரும் இடங்களில், பழைய எண்ணைக் கேட்காமலே புதிய எண் உருவாக்கிவிடுவதால் ஒரே பெண்ணுக்கு இரண்டு மூன்று எண்கள் இருப்பதும், அவற்றில் சிதறிக் கிடக்கும் சிறு தொகைகள் மறக்கப்படுவதும் நடக்கிறது. புதிய வேலையில் சேரும் நாளிலேயே பழைய யுஏஎன்னைக் கொடுப்பதும், படிவம் 13 வழியாக இருப்பை மாற்றக் கோருவதும் இதற்குத் தீர்வு. மாறுவது பணம் மட்டுமன்று; ஓய்வூதியத்துக்கான பணியாண்டுகளும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஆலையை விட்டு வெளியேறும் முன் சில பதிவுகளைச் சரிபார்த்துவிடுவது பின்னாளில் அலைச்சலைத் தவிர்க்கும். பிடித்தம் செய்யப்பட்ட எல்லா மாதங்களும் பாஸ்புக்கில் வரவாகியிருக்கின்றனவா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். சேர்ந்த நாளும் விலகிய நாளும் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்; நிறுவனம் விலகிய நாளைப் பதியாமல் விட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் அதைப் பதிய முடியும். பெயர்ப் பொருத்தம் தமிழ்நாட்டுப் பெண்களுக்குத் தனித்த சிக்கலாக இருக்கிறது: ஆலைப் பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்தும், திருமணத்துக்குப் பின் திருத்தப்பட்ட ஆதாரில் கணவரின் பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்பதை மெய்ப்பிக்கக் கூட்டு உறுதிமொழி அளிக்க நேரும். ஆலையில் இருக்கும்போதே இப்பொருத்தத்தை உறுதிசெய்துகொள்வது எளிது. எல்லாவற்றையும்விட முக்கியமானது கைப்பேசி எண். ஆதாரிலும் யுஏஎன்னிலும் பதிந்துள்ள எண் தந்தையுடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருந்தால், ஒருமுறைக் கடவுச்சொல் அவர்கள் கைக்கே போகும்; பணத்தைப் பற்றிய முடிவும் அவர்கள் கைக்கே போய்விடும். இவ்விண்ணப்பங்கள் எவற்றுக்கும் வைப்பு நிதி அமைப்பு கட்டணம் வாங்குவதில்லை. எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவரிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பது கணக்கையே கொடுப்பதாகும். ஐயம் எழுந்தால் கோவை, சேலம், மதுரை, திருச்சி, வேலூர், திருநெல்வேலி, சென்னை ஆகிய நகரங்களின் வைப்பு நிதி அலுவலகங்களை அணுகலாம். ஒவ்வொரு மாதமும் 27ஆம் நாள் மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடத்தும் ஏற்பாடும் உண்டு.

வாரிசு நியமனம் பலரும் அறியாத மற்றொரு செய்தி. திருமணத்துக்கு முன் செய்த நியமனம், திருமணத்தால் குடும்பம் அமைந்ததும் செல்லாததாகிவிடுகிறது. புதிதாகப் பதிந்தாக வேண்டும். விதிகள் கூறும் ‘குடும்பம்’ என்ற வட்டத்துக்குள் கணவர், பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர், கணவரின் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் அடங்குவர், உடன்பிறந்தோர் அடங்கமாட்டார்கள். பிரிந்து வாழும் பெண்ணுக்கு அவ்விதிகள் ஒரு வழியையும் வைத்திருக்கின்றன: கணவரைத் தன் குடும்ப வரையறையிலிருந்து விலக்கிவிட விரும்புவதாக வைப்பு நிதி ஆணையருக்கு அவர் எழுத்து மூலம் தெரிவித்தால், கணவரும் அவரைச் சார்ந்த பெற்றோரும் அக்கணக்கைப் பொறுத்தவரை குடும்பத்தினராகக் கருதப்படமாட்டார்கள்.

2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவுகளும் இங்கே கவனத்துக்குரியவை. வேலையிழந்தவர் இருப்பில் 75 விழுக்காட்டை உடனே எடுக்கலாம் என்றும், எஞ்சிய 25 விழுக்காட்டோடு கணக்கை முழுமையாக மூடுவதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்துவது என்றும், ஓய்வூதியப் பங்கை எடுப்பதற்கான காத்திருப்பை 36 மாதமாக்குவது என்றும் அக்குழு முடிவுசெய்தது. தொழிலாளரின் சொந்தப் பணத்தை எதற்காகத் தடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. எனினும் அவசரத்துக்கு முக்கால் பங்கு கிடைத்துவிடும் நிலையில், ஓய்வூதிய ஆண்டுகளை அழிக்கும் முடிவை மட்டும் மூன்றாண்டுகள் தள்ளிவைப்பது தொழிலாளருக்குத் தீங்கன்று. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பார்த்துக்கொண்டு செயல்படுவது அவரவர் கடமை. காத்திருப்பு எத்தனை மாதமாக இருந்தாலும் தேர்வு ஒன்றுதான்: பணத்தை மட்டும் எடுப்பதா, ஆண்டுகளின் கணக்கையும் சேர்த்து அழிப்பதா என்பது.

வேலை இல்லாத ஆண்டுகளில் இக்கணக்கில் சொந்தமாகப் பணம் செலுத்த வழியில்லை. ஆகவே சேமிப்பைத் தொடர விரும்புபவர்கள் தனியே ஒரு திட்டத்தில் சேர்வது பொருத்தமாகும். 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட எவரும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரலாம். 25 வயதில் சேர்ந்து மாதம் 376 ரூபாய் செலுத்துபவருக்கு 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் உறுதியளிக்கப்படுகிறது. ஐந்தாண்டு தொடர்பணி முடித்து விலகுபவர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய பணிக்கொடை உரிமையும் உண்டு. அது வைப்பு நிதியோடு தொடர்பில்லாத தனித் தொகை என்பதால், ‘செட்டில்மென்ட்’ என்ற ஒற்றைச் சொல்லில் அது விடுபட்டுப் போகாமல் கேட்டுப் பெற வேண்டும்.

தோழியரே, இம்மடலின் வேண்டுகோள் சுருக்கமானது. அதிக வட்டிக் கடனோ மருத்துவ நெருக்கடியோ வயிற்றுப்பாடோ இல்லாதவரை வைப்பு நிதிக் கணக்கை மூடாமல் விட்டுவையுங்கள். மறுபடியும் வேலைக்குப் போகும்போது பழைய எண்ணையே கொடுத்து இருப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பணம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் தேவைக்கு மட்டும் எடுங்கள். படிவம் 10-சியில் பணத்தைக் கேட்காமல் திட்டச் சான்றிதழைக் கேளுங்கள். தங்கள் பெயரில், தங்கள் கைப்பேசி எண்ணில், தாங்கள் தேர்ந்த வாரிசுக்கு என அக்கணக்கு பதிவாகியிருக்கிறதா என்பதை விலகும் நாளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அந்தப் பணமும் அந்த ஆண்டுகளும் தங்கள் உழைப்பால் வந்தவை. அவற்றை என்ன செய்வது என்ற முடிவும் தங்களுடையதாகவே இருக்கட்டும்.